தொரப்பள்ளி டூ வெள்ளை மாளிகை: ஐரோப்பிய வரலாறு ராஜாஜியின் வாழ்க்கையை எப்படித் திருப்பிப் போட்டது?

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் பி.ஏ. வரலாறு படிக்கும் மாணவர்களிடம் எந்தப் பாடம் கஷ்டம் என்று கேட்டால், நவீன ஐரோப்பிய வரலாறு என்ற பதில் வர வாய்ப்பு அதிகம். பிரெஞ்சுப் புரட்சி, நெப்போலியன், பிஸ்மார்க், வெர்சாய் உடன்படிக்கை, ஹிட்லர் என்று வாயில் நுழையாத பெயர்களும், மனப்பாடம் செய்ய வேண்டிய தேதிகளும் அடுக்கடுக்காக வரும். ஷிஃப்ட் முடிந்து வரும் கம்பெனி பஸ்கள் ஓடும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஆஸ்திரிய இளவரசரை யார் சுட்டால் நமக்கென்ன என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால் அந்த ஊருக்குப் பக்கத்திலேயே பிறந்த ஒருவரின் வாழ்க்கை, ஐரோப்பாவில் நடந்த ஒவ்வொரு பெரிய சம்பவத்துக்கும் ஒரு திருப்பம் கண்டது. பதவி வந்ததும் போனதும், சிறைக்குப் போனதும், கட்சியை விட்டே வெளியேறியதும் அப்படித்தான். அவர் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி. நமக்கெல்லாம் ராஜாஜி.

குலக்கல்வி, இந்தி எதிர்ப்பு, மூதறிஞர், கடைசி கவர்னர் ஜெனரல் என்று அவரைப் பற்றிப் பலருக்கும் பல விஷயங்கள் தெரியும். இங்கே பார்க்கப் போவது அதிகம் பேசப்படாத பக்கம்.

எல்லை தாண்டிப் படிக்கப் போன பையன்

ராஜாஜி பிறந்தது 1878 டிசம்பர் 10. ஊர், ஓசூர் அருகே உள்ள தொரப்பள்ளி. அப்பா வேங்கடார்ய ஐயங்கார், அந்தக் கிராமத்தின் முன்சீப். அம்மா சிங்காரம்மா. பையன் சின்ன வயதாக இருக்கும்போதே குடும்பம் ஓசூருக்கு வந்துவிட, அங்குள்ள அரசுப் பள்ளியில் படிப்பு. அன்றைக்கு ஓசூர், சேலம் மாவட்டத்தில் இருந்தது. தருமபுரி மாவட்டம் பிரிந்தது 1965-ல், கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004-ல்.

1891-ல் மெட்ரிகுலேஷன் தேறியபோது அவருக்கு வயது 13 கூட முழுதாக ஆகவில்லை. அடுத்து கல்லூரி. ஓசூர்க்காரர்கள் இன்றைக்கு என்ன செய்கிறார்களோ அதையேதான் அவரும் செய்தார். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி பெங்களூரு போனார். சென்ட்ரல் காலேஜில் படித்து 1894-ல் பி.ஏ. பட்டம் வாங்கினார். இன்றைய கணக்கில் பத்தாம் வகுப்பு படிக்க வேண்டிய வயது.

இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. பெங்களூரு அப்போது மைசூர் சமஸ்தானத்தில் இருந்தாலும், சென்ட்ரல் காலேஜ் இணைக்கப்பட்டிருந்தது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு. மைசூர் பல்கலைக்கழகம் 1916-ல் வரும்வரை இதுதான் நிலைமை. 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகமோ லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து உருவாக்கப்பட்டது. ஆக, ஓசூர்ப் பையன் பெங்களூருவில் உட்கார்ந்து, சென்னை நடத்தும் தேர்வுக்காக, லண்டன் மாதிரியில் வடிவமைத்த படிப்பைப் படித்தான். பாடம் முழுக்க ஆங்கிலம். ஜான் குத்ரி டெய்ட் என்ற பேராசிரியர் ஆங்கில இலக்கியத்தில் அவருக்கு ஆர்வத்தை ஊட்டினார்.

பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் சட்டம். 1897-ல் பட்டம், அதே ஆண்டில் அலமேலு மங்கம்மாவுடன் திருமணம். 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கியது. தொழில் நன்றாகவே நடந்தது.

ஐரோப்பிய அறிவைத் தமிழில் சொல்ல முடியுமா என்ற கேள்வி அவரை விடவே இல்லை. 1916-ல் சேலத்தில் நண்பர்களோடு சேர்ந்து, அறிவியல் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்கள் உருவாக்க ஒரு சங்கம் தொடங்கினார். அதே ஆண்டில்தான் மனைவி இறந்தார். ஐந்து குழந்தைகள். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. கிரேக்க ஞானி சாக்ரடீஸைப் பற்றியும், ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் சிந்தனைகளைப் பற்றியும் பின்னாளில் தமிழில் எழுதினார். தமிழ் மீடியத்தில் ஐரோப்பிய வரலாறு படிப்பவர்கள் கலைச்சொல்லுக்குத் திண்டாடும்போது, அதே திண்டாட்டம் நூறு வருஷத்துக்கு முன்னாடியே சேலத்தில் ஒரு வக்கீலுக்கும் இருந்தது என்று நினைத்துக்கொள்ளலாம்.

முதல் உலகப் போர் முடிந்தது, ராஜாஜியின் வக்கீல் தொழிலும் முடிந்தது

1914-ல் ஐரோப்பாவில் போர் மூண்டது. அந்த செப்டம்பரிலேயே ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னை துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. லட்சக்கணக்கான இந்திய வீரர்கள் பிரான்ஸ், மெசபொட்டேமியா என்று அனுப்பப்பட்டார்கள். இந்த நேரத்தில் ராஜாஜி சேலத்தில் இருந்தார். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். அந்த நகராட்சிக்கு முதல் தலித் உறுப்பினர் வந்தது அவர் காலத்தில்தான்.

போர் முடிந்தது. இவ்வளவு உதவி செய்ததற்குப் பரிசாக சுயாட்சி வரும் என்று இந்தியா எதிர்பார்த்தது. வந்தது ரௌலட் சட்டம். விசாரணை இல்லாமலேயே ஆட்களைச் சிறையில் வைக்கும் போர்க்கால அதிகாரத்தை, போர் முடிந்த பிறகும் நீட்டிக்கும் சட்டம். 1919 மார்ச்சில் காந்தி சென்னை வந்தபோது தங்கியது ராஜாஜியின் வீட்டில். நாடு முழுக்க ஒருநாள் எல்லா வேலைகளையும் நிறுத்தும் ஹர்த்தால் யோசனை காந்திக்கு அந்த வீட்டில்தான் உதித்தது.

1920 ஆகஸ்டில் பாரிஸ் அருகே செவ்ர் உடன்படிக்கை கையெழுத்தானது. தோற்றுப்போன துருக்கிப் பேரரசைத் துண்டு போட்ட ஒப்பந்தம். இது தேர்வுக்கு இரண்டு மார்க் கேள்வியாக வரும் விஷயம். ஆனால் இந்திய முஸ்லிம்களின் கிலாபத் கோபத்துக்கு முக்கியக் காரணம் துருக்கி நடத்தப்பட்ட விதம்தான். அந்தக் கோபமும் பஞ்சாப் படுகொலையின் ஆத்திரமும் சேர்ந்ததுதான் ஒத்துழையாமை இயக்கம். ராஜாஜி வக்கீல் தொழிலை விட்டார். 1921 டிசம்பரில் வேலூர் சிறைக்குள் போனார். மூன்று மாதம். உள்ளே நாட்குறிப்பு எழுதினார்.

அதற்குப் பிறகு 1925-ல் திருச்செங்கோடு அருகே ஆசிரமம், 1930-ல் வேதாரண்யம் உப்பு யாத்திரை. இவை எல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளவை.

1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். அன்றைக்கு முதல்வர் பதவிக்கு அதுதான் பெயர். அந்த அக்டோபர் 1-ம் தேதி மதுவிலக்கு முதலில் அமலுக்கு வந்தது சேலம் மாவட்டத்தில். அதாவது ஓசூரும் கிருஷ்ணகிரியும் அதில் அடக்கம். கள்ளுக்கடை வருமானம் போனதை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரி கொண்டுவந்தார். இன்றைக்கு ஓசூர் தொழிற்சாலைகள் கட்டும் ஜிஎஸ்டிக்கு அது தாத்தா முறை என்று சொன்னால் தப்பில்லை.

அதே ஆட்சியில்தான் 1938-ல் பள்ளிகளில் இந்தி கட்டாயமானது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். நடராசனும் தாளமுத்துவும் காவலில் இருக்கும்போதே இறந்தார்கள். அவர் அரசியல் வாழ்க்கையில் அழிக்க முடியாத கறை இது. பிற்காலத்தில் கட்டாய இந்தியை எதிர்ப்பவராக அவரே மாறியது வேறு கதை.

ஹிட்லர் போலந்துக்குள் நுழைந்தார், சென்னையில் ஆட்சி போனது

1939 செப்டம்பர் 1. ஜெர்மனி போலந்தின் மீது படையெடுத்தது. செப்டம்பர் 3-ல் பிரிட்டன் போர் அறிவித்தது. அதே நாளில் வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியாவும் போரில் இருக்கிறது என்று அறிவித்துவிட்டார். எந்த இந்தியத் தலைவரையும் கேட்கவில்லை. எந்த மாகாண அரசையும் கேட்கவில்லை. 1935-ம் வருஷச் சட்டப்படி பாதுகாப்பும் வெளியுறவும் வைஸ்ராய் கையில் இருந்ததால், அவர் கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

காங்கிரஸ் கொதித்தது. மாகாண அரசுகள் ராஜினாமா செய்ய வேண்டும் என்று முடிவானது. அக்டோபர் கடைசியில் ராஜாஜியும் பதவியை விட்டார். போலந்து எங்கே, சென்னைக் கோட்டை எங்கே!

இங்கிருந்துதான் அவர் வாழ்க்கையின் மிகச் சிக்கலான மூன்று வருஷம் தொடங்குகிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

1940 ஜூன் 14. பாரிஸ் விழுந்தது. எட்டே நாளில் பிரான்ஸ் சரணடைந்தது. பிரிட்டன் தனியாக நின்றது. இந்தியாவில் காங்கிரஸ் தலைவர்களுக்கு முன்னால் ஒரு கேள்வி. எதிரி பலவீனமாக இருக்கும்போது அடிப்பதா, அல்லது எதிரியைவிடப் பெரிய ஆபத்து வருகிறது என்று கைகோப்பதா? காந்தி எந்தப் போருக்கும் ஆயுத உதவி கூடாது என்றார். அகிம்சை அவருக்குக் கொள்கை. ராஜாஜிக்கு அகிம்சை சுதந்திரப் போராட்டத்துக்கான வழிதான். நாளைக்கு ஒரு நாட்டை ஆளப் போகிறவர்கள், அந்த நாட்டை ராணுவம் இல்லாமல் காப்போம் என்று சொல்ல முடியாது என்பது அவர் வாதம்.

ஜூலையில் கூடிய காங்கிரஸ் காரியக் கமிட்டியில் அவர் தீர்மானம் நிறைவேறியது. இந்தியாவின் விடுதலையை ஏற்றுக்கொள், டெல்லியில் தேசிய அரசு அமை, போருக்கு முழு ஒத்துழைப்பு தருகிறோம் என்பதுதான் அதன் சாரம். படேல் கூட ராஜாஜி பக்கம் வந்தார். காந்தி ஒதுங்கி நின்றார். எல்லை காந்தி கான் அப்துல் கபார் கான் காரியக் கமிட்டியை விட்டே விலகினார். காந்தியின் கருத்துக்கு எதிராக காங்கிரஸை ஒரு தீர்மானத்துக்குக் கொண்டுவருவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

பிரிட்டன் என்ன செய்தது? ஆகஸ்ட் 8-ல் வைஸ்ராய் தந்த பதிலில் தேசிய அரசு பற்றி ஒன்றும் இல்லை. ராஜாஜியின் முயற்சி வீணானது. அந்த டிசம்பரில் தனிநபர் சத்தியாகிரகத்தில் கைதாகி ஓராண்டுத் தண்டனை பெற்றார். யாருக்குப் போரில் உதவலாம் என்று சொன்னாரோ, அவர்களே அவரைச் சிறையில் வைத்தார்கள்.

சிறை முடிந்து வெளியே வந்த சில வாரங்களில் போர் ஆசியாவுக்கே வந்துவிட்டது. 1941 டிசம்பரில் ஜப்பான் களத்தில் குதித்தது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூன். பர்மாவிலிருந்து தமிழர்கள் காடு மலை தாண்டி நடந்தே ஓடிவந்தார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா மீது குண்டு விழுந்தது. சென்னையில் பீதி. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். அரசு அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்கு மாறின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சி சாலையில் இருந்த சிங்கம், புலிகளைச் சுட்டே கொன்றார்கள்.

இந்த நேரத்தில் லண்டனிலிருந்து கிரிப்ஸ் வந்தார். போருக்குப் பிறகு டொமினியன் அந்தஸ்து, விரும்பாத மாகாணங்கள் பிரிந்துபோகலாம், அதுவரை பாதுகாப்பு பிரிட்டன் கையில் என்பது அவர் கொண்டுவந்த திட்டம். காங்கிரஸ் நிராகரித்தது. குறைகள் இருந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம் என்பது ராஜாஜியின் நிலை.

கட்சிக்குள் தனியாக நின்ற மனிதர்

ஏப்ரல் 23, 1942. சென்னை காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர்கள் கூட்டத்தில் ராஜாஜி ஒரு தீர்மானம் நிறைவேற்றினார். முஸ்லிம் லீக் பிரிவினையை வற்புறுத்தினால், அந்தக் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்போம். லீக்கோடு சேர்ந்து தேசிய அரசு அமைப்போம். ஜப்பானை எதிர்ப்போம். சுருக்கமாக இதுதான்.

நாடே அதிர்ந்தது. பாகிஸ்தான் என்ற சொல்லே காங்கிரஸில் கெட்ட வார்த்தையாக இருந்த காலம். அலகாபாத்தில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டியில் அவர் தீர்மானத்துக்குக் கிடைத்த வாக்குகள் 15. எதிராக 120. காரியக் கமிட்டியிலிருந்து விலகினார். ஜூலையில் காங்கிரஸையும் சட்டமன்றப் பதவியையும் விட்டார். போன இடமெல்லாம் எதிர்ப்பு.

ஆகஸ்ட் 8-ல் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் வந்தது. காந்தி, நேரு, படேல், ஆசாத் எல்லோரும் சிறையில். ராஜாஜி மட்டும் வெளியில். விடுதலைப் போராட்டத்தின் உச்சகட்டத்தில், பெரிய தலைவர்களில் ஒருவர் அதில் இல்லை. இதற்காக அவரைத் துரோகி என்றவர்கள் உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகும் வடநாட்டு காங்கிரஸ்காரர்கள் பலர் இதை மறக்கவே இல்லை. 1950-ல் முதல் குடியரசுத் தலைவராக நேரு விரும்பியது ராஜாஜியை. ஆனால் கட்சிக்குள் ஆதரவு ராஜேந்திர பிரசாத்துக்கே இருந்தது. 1942 அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அவர் கணிப்பு சரியா தப்பா? ஒரு பக்கம், தெருவில் இறங்கிக் குண்டடி பட்ட சாதாரண மக்களின் உணர்வை அவர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்ற விமர்சனம் நியாயமானது. மறுபக்கம், 1944-ல் அவர் வகுத்த திட்டத்தைப் பாருங்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் மாவட்டங்களை ஒரு குழு அடையாளம் காண வேண்டும். அங்கே வாழும் எல்லா மக்களிடமும் வாக்கெடுப்பு. பிரிவது என்று முடிவானால் பாதுகாப்பு, வணிகம், போக்குவரத்துக்குப் பொதுவான உடன்படிக்கை. முதல் உலகப் போருக்குப் பிறகு ஷ்லெஸ்விக்கிலும் மேல் சிலேசியாவிலும் நடந்த வாக்கெடுப்புகளைப் படித்த மாணவருக்கு இந்த முறை புதிதாகத் தெரியாது.

அந்தத் திட்டத்தை வைத்துத்தான் 1944 செப்டம்பரில் காந்தியும் ஜின்னாவும் பம்பாயில் இரண்டு வாரத்துக்கும் மேல் பேசினார்கள். பேச்சு முறிந்தது. முழு பஞ்சாபும் முழு வங்காளமும் வேண்டும் என்பது ஜின்னாவின் பிடிவாதம். மூன்றே வருஷத்தில், 1947-ல், பஞ்சாபும் வங்காளமும் மாவட்ட வாரியாகப் பிரிக்கப்பட்டன. வாக்கெடுப்பும் இல்லை, பொது உடன்படிக்கையும் இல்லை, அவகாசமும் இல்லை. லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள்.

பிரிந்த வங்காளத்தின் மேற்குப் பகுதிக்கு முதல் ஆளுநராகப் போனவர் யார் தெரியுமா? ராஜாஜிதான். 1948 ஜூன் 21-ல் மௌண்ட்பேட்டனுக்குப் பிறகு கவர்னர் ஜெனரல். அந்தப் பதவிக்கு வந்த ஒரே இந்தியர்.

83 வயதில் முதல் மேலைநாட்டுப் பயணம்

1952-ல் மீண்டும் சென்னை முதல்வர், 1953-ல் அரைநாள் பள்ளி, அதாவது குலக்கல்வித் திட்டம், 1954-ல் பதவி விலகல், அடுத்து காமராஜர். அதே 1954-ல் பாரத ரத்னா. இதெல்லாம் தமிழ்நாட்டு அரசியலில் திரும்பத் திரும்பப் பேசப்பட்டவை. 1959-ல், எண்பது வயதில், நேருவின் பொருளாதாரக் கொள்கையை எதிர்த்து சுதந்திராக் கட்சி தொடங்கினார். எதற்கெடுத்தாலும் லைசென்ஸ், பெர்மிட் என்பதை ஒழிக்க வேண்டும் என்பது கட்சியின் கோஷம். 1967 மக்களவைத் தேர்தலில் அந்தக் கட்சிக்கு 44 இடம். தமிழ்நாட்டில் திமுகவோடு கூட்டணி. காங்கிரஸ் ஆட்சி போனதில் அந்தக் கிழவருக்கும் பங்கு உண்டு.

ஐரோப்பிய வரலாற்றுப் பாடத்தின் கடைசி அலகு பெரும்பாலும் பனிப்போர். ராஜாஜியின் கதையிலும் அப்படித்தான்.

ஐம்பதுகளிலிருந்தே அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்து எழுதிக்கொண்டிருந்தார். கம்யூனிசத்தைக் கடுமையாக எதிர்த்தவர் என்பதால் அவரை ரஷ்யாவின் ஆள் என்று யாரும் ஒதுக்கிவிட முடியவில்லை. 1962-ல் காந்தி அமைதி அறக்கட்டளை ஒரு தூதுக்குழுவை அமெரிக்காவுக்கு அனுப்பியது. தலைமை ராஜாஜி. கூடப் போனவர்கள் ஆர்.ஆர். திவாகர், பி. சிவராவ். ஒருவர் தார்வாட்காரர், இன்னொருவர் மங்களூர்க்காரர். கர்நாடக எல்லையில் பிறந்தவருக்கு வாய்த்த துணையும் கர்நாடகம்தான்.

அந்த வயதில் அதுதான் அவருடைய முதல் மேலைநாட்டுப் பயணம். ஐரோப்பாவைப் பற்றி எழுபது வருஷமாகப் படித்தவர், மேற்கைக் கண்ணால் பார்த்தது 83 வயதில். செப்டம்பர் 28-ம் தேதி வெள்ளை மாளிகையில் அதிபர் கென்னடியைச் சந்தித்தார். சோதனைகளை நிறுத்துங்கள், எதிரி நிறுத்தட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே முதலில் நிறுத்துங்கள் என்பதே அவர் கோரிக்கை. வேட்டியும் துண்டும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு முதியவர், உலகத்தின் மிகப் பெரிய அணு ஆயுதக் குவியலுக்குச் சொந்தக்காரரிடம் பேசினார்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. அக்டோபர் 16-ல் கியூபா ஏவுகணை நெருக்கடி தொடங்கியது. பதிமூன்று நாள் உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1963 ஆகஸ்ட் 5-ல் அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன் மூன்றும் மாஸ்கோவில் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. காற்று மண்டலத்திலும் கடலுக்கடியிலும் விண்வெளியிலும் சோதனை கூடாது. பூமிக்கடியில் நடத்தலாம். ராஜாஜி கேட்டதில் பாதிதான் அது. அந்த ஒப்பந்தத்துக்கு அவர்தான் காரணம் என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். அது மிகை. பேச்சுவார்த்தை அதற்கு முன்பே பல வருஷமாக நடந்துகொண்டிருந்தது.

1972 டிசம்பர் 25-ல் சென்னையில் காலமானார். வயது 94. இந்தியா பொக்ரானில் முதல் அணு சோதனையை நடத்தியது 1974 மே 18-ல். அதை அவர் பார்க்கவில்லை. ஓசூரில் பெரிய தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்ததையும் பார்க்கவில்லை. தொரப்பள்ளியில் அவர் பிறந்த ஓட்டு வீடு இப்போது அரசு நினைவு இல்லம். ஓசூரிலிருந்து பஸ் பிடித்தால் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.